காணாமல் போன கலிவி கோடி



உங்கள் ஊரில் எத்தனை வகைப் பறவைகள் இருக்கின்றன? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

காகம், மைனா, கிளி, கொக்கு, சிட்டுக்குருவி. இவை எல்லோருக்கும் தெரியும். மயில், குயில், ஆந்தை, பருந்து. இவையும் தெரியும். ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள். காடை, கௌதாரி, செம்போத்து, ஆள்காட்டி என்று அடுக்குவார். வயலில் வேலை செய்யும் அக்காவைக் கேளுங்கள். இன்னும் நாலு பெயர் சொல்வார். இரண்டு கை விரலும் போதாது.

ரேணிகுண்டா பக்கம் நமக்கு இரண்டு மொழி. அதனால் ஒவ்வொரு பறவைக்கும் இரண்டு பெயர். தமிழில் மயில், தெலுங்கில் நெமலி. தமிழில் கிளி, தெலுங்கில் சிலுக. தமிழில் பனங்காடை, தெலுங்கில் பாலபிட்ட. யாரும் நமக்கு இதைப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டோம்.

இந்த அறிவுக்கு ஏதாவது மதிப்பு உண்டா? படித்த பெரியவர்களுக்கு இது பயன்படுமா?

பயன்படும். நம் பக்கத்துக் காட்டில் நடந்த ஓர் உண்மைக் கதை இதைச் சொல்கிறது. படியுங்கள்.

எங்கே இருக்கிறது அந்தக் காடு?

ரேணிகுண்டா ஒரு பெரிய ரயில் சந்திப்பு. சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில்கள் இங்கே வந்து போகும். இங்கிருந்து கடப்பைப் பக்கம் ரயில் ஏறுங்கள். மாமண்டூர், பாலப்பள்ளி வரும். இருபுறமும் சேஷாசலக் காடு தெரியும். பிறகு கோடூர், ராஜம்பேட்டை, நந்தலூர், ஒண்டிமிட்டா என்று ரயில் போகும். அதற்கும் அப்பால் கடப்பை. நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம்.

அந்தப் பக்கத்தில் பென்னை ஆறு ஓடுகிறது. ஆற்றங்கரையில் சித்தவட்டம் கோட்டை இருக்கிறது. ஆற்றுக்கு வடக்கே லங்கமலை. மலையின் அடிவாரத்தில் தாழ்வான நிலம். அங்கே உயர்ந்த மரங்கள் அதிகம் இல்லை. முட்புதர்கள்தான் அதிகம். இலந்தை இருக்கும். களா இருக்கும். கருவேல வகைகள் இருக்கும். புதருக்கும் புதருக்கும் நடுவே வெறும் மண் தெரியும்.

இப்படிப்பட்ட இடத்தைப் பார்த்தால் நாம் என்ன சொல்வோம்? தரிசு என்போம். ஒன்றுக்கும் உதவாத பொட்டல் என்போம். ஆனால் அந்தப் பொட்டலில்தான் ஓர் அதிசயப் பறவை வாழ்கிறது. அந்தப் பறவை உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் இல்லை.

பறவையின் பெயர் என்ன?

தெலுங்கில் களாச் செடியைக் கலிவி என்பார்கள். கோடி என்றால் கோழி. களாப் புதரில் திரியும் கோழி. அதனால் அதன் பெயர் கலிவி கோடி. பெயர்தான் கோழி. உண்மையில் அது கோழி இனம் இல்லை.

அது ஆள்காட்டியை விடக் கொஞ்சம் சிறியது. நீளம் சுமார் 27 சென்டிமீட்டர். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஓர் அடி ஸ்கேலை விடக் கொஞ்சம் குறைவு. முதுகு மண் நிறம். கண் பெரியது. கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு. தொண்டையில் செம்பழுப்புத் திட்டு. மார்பில் மாலை போட்டது போல இரண்டு பட்டைகள். இந்த இரண்டு பட்டைகள்தான் அதன் அடையாளம்.

அது பறப்பதை விட ஓடுவதே அதிகம். புதருக்கு நடுவே குடுகுடு என்று ஓடும். சட்டென்று நிற்கும். பூச்சிகளைத் தின்னும். பகலில் புதர் நிழலில் அசையாமல் இருக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வரும். மண் நிறப் பறவை மண்மேல் நின்றால் யார் கண்ணில் படும்?

காணாமல் போன கதை

அந்தக் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியில் ஜெர்டன் என்று ஒரு மருத்துவர் இருந்தார். சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தார். பறவைகள் மேல் அவருக்கு மிகுந்த ஆசை. 1848-ஆம் ஆண்டு இந்தப் பறவை அவர் மூலமாக விஞ்ஞானிகளுக்குத் தெரிய வந்தது. அதனால் ஆங்கிலத்தில் இதற்கு ஜெர்டன்ஸ் கோர்சர் என்று பெயர். கோர்சர் என்றால் ஓடும் பறவை என்று பொருள்.

அதன் பிறகு எப்போதாவது ஒரு சிலர் பார்த்தார்கள். 1900-ஆம் ஆண்டு அனந்தபூர் பக்கத்தில் ஒருவர் பார்த்தார். அதோடு சரி. பிறகு எந்த விஞ்ஞானி கண்ணிலும் படவில்லை. பத்து ஆண்டு போனது. ஐம்பது ஆண்டு போனது. தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். இந்தப் பறவை இனம் அழிந்தே போயிருக்கும் என்று பலரும் நினைத்தார்கள்.

ஏன் கிடைக்கவில்லை? அது இரவில் நடமாடும் பறவை. தேடியவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் பகலில் தேடினார்கள்.

படம் கொண்டு வந்தவர்

மும்பையில் ஒரு பழைய சங்கம் இருக்கிறது. அதன் பெயர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம். 1883-ல் தொடங்கியது. பறவை அறிஞர் சாலிம் அலி இந்தச் சங்கத்தில்தான் பல காலம் உழைத்தார். 1980-களில் இந்தச் சங்கம் கலிவி கோடியைத் தேட முடிவு செய்தது. பரத் பூஷண் என்ற ஆராய்ச்சியாளர் தேடி வந்தார்.

அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். காட்டுக்குள் தனியாக அலைவதோடு நிற்கவில்லை. பறவையின் படத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். காட்டை அறிந்த மக்களிடம் காட்டினார். இதைப் பார்த்தது உண்டா என்று கேட்டார்.

கடப்பை மாவட்டத்தில் ரெட்டிப்பள்ளி என்று ஒரு சிற்றூர். அந்தப் பக்கத்தில் ஐத்தன்னா என்பவர் இருந்தார். பறவை பிடிப்பதில் கெட்டிக்காரர். 1986 ஜனவரியில் ஒரு நாள் இரவு, டார்ச் விளக்கு வெளிச்சத்தில், அந்தப் பறவையை அவர் உயிரோடு பிடித்தார். படத்தில் இருந்த அதே பறவை. மார்பில் அதே இரண்டு பட்டைகள்.

86 ஆண்டுகள் காணாமல் போன பறவை கிடைத்துவிட்டது!

பிடிபட்ட பறவை சில நாள்தான் உயிரோடு இருந்தது. பிறகு இறந்துவிட்டது. ஆனாலும் செய்தி உலகம் முழுவதும் பரவியது. அதே காட்டில் இன்னும் சில பறவைகள் இருப்பது தெரிந்தது. 1988-ல் அந்தக் காடு லங்கமல்லேஸ்வர வனவிலங்கு சரணாலயம் ஆனது. அதே ஆண்டு இந்திய அஞ்சல் துறை கலிவி கோடியின் படம் போட்ட தபால் தலையை வெளியிட்டது.

இப்போது யோசியுங்கள். அறிஞர்கள் கண்ணுக்குப் படாத பறவை காட்டு மனிதர் கண்ணுக்குப் பட்டது. அது உண்மையில் காணாமல் போகவே இல்லை. தெரிந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தெரிந்தவர்களும் எழுதி வைக்கவில்லை. அவ்வளவுதான்.

மண்ணில் எழுதிய எழுத்து

ஒரு பறவை கிடைத்தால் போதுமா? எத்தனை இருக்கின்றன, எங்கெங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டாமா?

2000-ஆம் ஆண்டை ஒட்டி மறுபடியும் ஆராய்ச்சி நடந்தது. அதில் ப. ஜெகநாதன் என்ற தமிழ் ஆராய்ச்சியாளர் முக்கியமானவர். இரவுப் பறவையைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். அதனால் அவர்கள் ஓர் எளிய வழியைக் கையாண்டார்கள். புதர்களுக்கு நடுவே மெல்லிய மண்ணைப் பட்டை பட்டையாகப் பரப்பினார்கள். இரவில் பறவை அதன்மேல் நடக்கும். காலையில் போய்க் கால் தடத்தைப் பார்த்தார்கள். கலிவி கோடிக்கு மூன்று விரல்தான். பின்விரல் கிடையாது. தடத்தை வைத்தே வந்தது யார் என்று கண்டுகொண்டார்கள். தானாகப் படம் எடுக்கும் கேமராவையும் வைத்தார்கள்.

கோலம் போடும் நமக்கு இது புரியும். மாவில் எறும்பு ஊர்ந்தால் கோடு விழுகிறது அல்லவா? அதே கதைதான். மண் ஒரு பலகை. கால் தடம் ஓர் எழுத்து. படிக்கத் தெரிந்தவருக்கு அது செய்தி சொல்லும்.

காதாலும் தேடினார்கள். பொழுது சாய்ந்து முக்கால் மணி நேரம் போல ஆனதும் இந்தப் பறவை குரல் கொடுக்கும். இரண்டு அசையில் கூவும். கொஞ்ச நேரம்தான் கூவும். பிறகு அடங்கிவிடும்.

வாய்க்காலா, பறவையா?

2005-ல் ஒரு சிக்கல் வந்தது. தெலுங்கு கங்கைத் திட்டம் நமக்குத் தெரியும். கிருஷ்ணா ஆற்றுத் தண்ணீரைக் கொண்டு வரும் திட்டம். ராயலசீமை வயல்களுக்கும் நெல்லூர் வயல்களுக்கும் அதில் தண்ணீர் பாய்கிறது. சென்னை நகரத்துக்குக் குடிநீரும் போகிறது. 1983-ல் இதற்கு ஒப்பந்தம் ஆனது. 1996-ல் தண்ணீர் பூண்டி ஏரிக்கு வந்து சேர்ந்தது.

இந்தத் திட்டத்தின் ஒரு வாய்க்கால் கலிவி கோடியின் காட்டுக்குள்ளே வந்தது. மண் தோண்டும் வேலை நடந்தது. புதர்கள் அழிந்தன.

இது சின்ன விஷயம் இல்லை. தண்ணீர் இல்லாமல் மனிதன் வாழ முடியாது. ராயலசீமை வறண்ட பூமி. குடம் தூக்கி நடந்த பெண்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்தப் பறவைக்கோ வேறு காடு இல்லை. வாய்க்காலை இன்னோர் இடத்தில் வெட்டலாம். பறவையை இன்னோர் இடத்தில் உண்டாக்க முடியுமா?

பறவை ஆர்வலர்கள் முறையிட்டார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த குழு வரை விஷயம் போனது. அவர்கள் கையில் ஆதாரம் இருந்தது. எந்த இடத்தில் கால் தடம் கிடைத்தது, எந்த நாளில் குரல் கேட்டது என்று எழுதி வைத்திருந்தார்கள். கடைசியில் வாய்க்காலின் பாதை மாற்றப்பட்டது. தண்ணீர்த் திட்டமும் நிற்கவில்லை. காடும் தப்பியது.

வாயால் சொன்ன சொல் காற்றில் போகும். எழுதிய சொல் சாட்சி சொல்லும். நமக்குக் கூலிக் கணக்கிலும் இது தெரியும். ரேஷன் கார்டிலும் தெரியும். பறவைக்கும் அதே நியாயம்தான்.

விறகும் ஆடும்

காட்டை ஒட்டி வாழும் மக்களுக்கு விறகு வேண்டும். ஆட்டுக்கு மேய்ச்சல் வேண்டும். அது வயிற்றுப் பாடு. அதைத் தவறு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அதில் நியாயம் இல்லை.

கலிவி கோடிக்கு அடர்ந்த புதரும் ஆகாது. ஓட இடம் இருக்காது. மொட்டைக் காடும் ஆகாது. ஒளிய இடம் இருக்காது. நடுத்தரமான புதர்க் காடுதான் அதற்கு வேண்டும். அளவாக மேய்ந்தால் புதர் அடர்ந்து மூடாது. அளவு மீறி மேய்ந்தாலும் வெட்டினாலும் எல்லாம் போய்விடும். புதர்க் காட்டை உழுது தோட்டமாக்கினாலும் பறவைக்கு இடம் இல்லை.

ஆகவே காட்டைக் காப்பது என்றால் மக்களை விரட்டுவது என்று பொருள் இல்லை. அளவு என்ன என்பதை மக்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். அப்படிப் பேசும்போது நமக்கும் விவரம் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் படிப்பு.

இன்று என்ன நிலை?

2008-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் கலிவி கோடி பற்றிய உறுதியான செய்தி இல்லாமல் போனது. மறுபடியும் கவலை. 2025 ஆகஸ்டில் பறவை ஆர்வலர்கள் சிலர் கடப்பைப் பக்கத்தில் இரவில் காத்திருந்தார்கள். அதன் குரலைக் கேட்டார்கள். கருவியில் பதிவும் செய்தார்கள். ஆக, கலிவி கோடி இன்னும் இருக்கிறது. ஆனால் மிக மிகக் குறைவாக இருக்கிறது. உலகத்திலேயே அழியும் ஆபத்து மிக அதிகமாக உள்ள பறவைகளில் இதுவும் ஒன்று.

நாமும் பறவை பார்ப்போம்

பறவை பார்க்கப் பணம் வேண்டாம். தொலைநோக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கண்ணும் காதும் போதும். ஒரு நோட்டும் பென்சிலும் வேண்டும்.

1. காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை நல்ல நேரம். மாலை வெயில் தாழ்ந்த நேரமும் நல்லது.

2. ஓர் இடத்தில் அமைதியாக உட்காருங்கள். ஏரிக்கரை, வயல் வரப்பு, வீட்டுக் கொல்லை எதுவானாலும் சரி. பதினைந்து நிமிடம் போதும்.

3. முதலில் அளவைப் பாருங்கள். குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா?

4. பிறகு நிறம், அலகு, கால், வால் பாருங்கள். அது ஓடுகிறதா, தத்துகிறதா, நீரில் நடக்கிறதா?

5. குரலைக் கேளுங்கள். உங்கள் காதில் எப்படி விழுகிறதோ அப்படியே எழுதுங்கள்.

6. கூட்டின் அருகே போகாதீர்கள். முட்டையைத் தொடாதீர்கள். கல் எறியாதீர்கள்.

7. அனுமதி இல்லாமல் காப்புக் காட்டுக்குள் போகாதீர்கள். சேஷாசலக் காட்டில் சிறுத்தை, கரடி, யானை உண்டு. செம்மரக் கடத்தலைத் தடுக்கக் காவலும் உண்டு. வனத்துறையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

8. பறவையைப் பிடிக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காட்டுப் பறவைகளைப் பிடித்தால், விற்றால் சிறைத் தண்டனை கிடைக்கும். கலிவி கோடிக்கு இந்தச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு உண்டு.

எழுதி வைப்போம்

நோட்டில் இப்படி எழுதலாம். இது ஒரு மாதிரி.

தேதி: ஜனவரி 10
நேரம்: காலை 6.30
இடம்: எங்கள் ஊர் ஏரிக்கரை
பறவை: ஆள்காட்டி
எத்தனை: 2
என்ன செய்தது: தரையில் ஓடியது. நாய் வந்ததும் கத்திக்கொண்டே பறந்தது.

பெயர் தெரியாத பறவையா? கவலை வேண்டாம். பெயர் இடத்தை விட்டுவிடுங்கள். அளவும் நிறமும் எழுதுங்கள். ஊர்ப் பெரியவரிடம் கேளுங்கள். அவர் தமிழில் சொன்னாலும் தெலுங்கில் சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் இருக்கலாம். உங்கள் நோட்டில்தான் அது முதல் முறையாக எழுத்தில் ஏறும்.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் உலகம் முழுவதும் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் பறவை பார்த்து எண்ணி எழுத வேண்டும். யார் வேண்டுமானாலும் சேரலாம். கணக்கைச் செல்பேசியில் அனுப்ப வேண்டும். படிக்கும் பிள்ளைகள் அதற்கு உதவுவார்கள். நோட்டு உங்களுடையது. செல்பேசி அவர்களுடையது. இருவரும் சேர்ந்தால் வேலை முடிந்தது.

ஐத்தன்னாவைத் தேடி ஒருவர் படத்தோடு வந்தார். அதனால் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. நம்மைத் தேடி யார் வருவார்கள் என்று நாம் காத்திருக்க வேண்டாம். இப்போது நமக்கே எழுதத் தெரியும்.

புதிய சொற்கள்

சரணாலயம் – விலங்கும் பறவையும் பயமின்றி வாழ அரசு ஒதுக்கிய இடம்
காப்புக் காடு – அரசு காவலில் உள்ள காடு
ஆதாரம் – ஒன்றை உண்மை என்று காட்டும் சான்று
ஆராய்ச்சியாளர் – ஒன்றைத் தேடி, சோதித்து அறிபவர்

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.

1. கலிவி கோடி என்ற பெயர் எப்படி வந்தது?
2. பகலில் தேடியவர்களுக்கு இந்தப் பறவை ஏன் கிடைக்கவில்லை?
3. கால் தடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. கலிவி கோடியின் மார்பில் ______ பட்டைகள் உண்டு.
2. 1900-க்குப் பிறகு ______ ஆண்டில் இந்தப் பறவை மறுபடியும் கிடைத்தது.
3. அதன் காலில் ______ விரல்கள் உள்ளன.

இ. கூடிப் பேசுங்கள்.

1. உங்கள் ஊரில் முன்பு இருந்து இப்போது காணாத பறவை எது? எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள்?
2. உங்கள் ஊரில் தரிசு என்று சொல்லும் நிலத்தில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன?
3. வாய்க்காலும் வேண்டும், காடும் வேண்டும் என்றால் என்ன செய்யலாம்?

ஈ. செய்து பாருங்கள்.

நாளைக் காலை பதினைந்து நிமிடம் பறவை பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். அடுத்த முறை மையத்துக்கு வரும்போது எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.